நட்சத்திரம், பூனை, கோலா: நினைவில் நின்ற விளம்பரப்படங்கள்

கோலா வகைக் குளிர்பானத்தில் இருப்பவை கரியமில வாயு ஏற்றிய நீர், சர்க்கரை, நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரை, பாஸ்பாரிக் அமிலம், சிறிது காஃபீன், கொஞ்சம் வாசனைப் பொருட்கள். தொலைக்காட்சியில் ஒரு நிமிடம் பேசும் அளவுக்கு இவற்றில் செய்தி எதுவும் இல்லை. சோப்பு என்றால் கறை போவதைக் காட்டலாம். மோட்டார் சைக்கிள் என்றால் மேட்டில் ஏறுவதைக் காட்டலாம். கோலாவை ஒருவர் குடிப்பதைக் காட்டலாம். குடித்து முடித்ததும் படம் தீர்ந்துவிடும்.

சுவையைப் பற்றிப் பேசிய விளம்பரம் இல்லாமலில்லை. 1975-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் பெப்சி நிறுவனம் பெயர் மறைத்த இரண்டு குவளைகளைப் பொதுமக்களிடம் கொடுத்து, எது பிடித்திருக்கிறது என்று கேட்டுப் படம் பிடித்தது. இந்தச் சுவைப்போட்டி கோக-கோலாவை வெகுவாகக் கலங்கவைத்தது. அந்நிறுவனம் 1985 ஏப்ரல் 23 அன்று தன் பானத்தின் செய்முறையையே மாற்றி அறிவித்தது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 79 நாட்களில் பழைய பானம் கடைக்குத் திரும்பி வந்தது. நாக்கால் மட்டும் யாரும் கோலா குடிப்பதில்லை என்று இரு நிறுவனங்களும் இதிலிருந்து கற்றிருக்கும்.

ஆகவே குளிர்பான விளம்பரம் எப்போதும் வெளியிலிருந்து எதையாவது கடன் வாங்கியே பிழைக்கிறது. அது அதிகம் கடன் வாங்குவது புகழ்பெற்ற மனிதர்களிடமிருந்து. சில சமயம் விலங்குகளிடமிருந்தும் வாங்கும். இத்தகைய படங்களை மதிப்பிட ஒரு கேள்வி உதவும்: கதைக்குள் அந்தப் பானத்துக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்ன? அந்த வேலை சிறியதாக இருந்த படங்களே நிலைத்திருக்கின்றன. தாங்க முடியாத சுமையைப் பானத்தின் தலையில் ஏற்றிய படங்கள் சரிந்துள்ளன.

கிரீனும் சிறுவனும் (1979)

அமெரிக்கத் தொலைக்காட்சி விளம்பரங்களில் தலைசிறந்தவற்றுள் ஒன்றாக இன்றும் எண்ணப்படுவது கோக-கோலாவின் 60 நொடிப் படம் ஒன்று. மெக்கேன் எரிக்சன் விளம்பர நிறுவனம் உருவாக்கியது. முதலில் 1979 அக்டோபரில் ஒளிபரப்பானது. 1980 ஜனவரியில் சூப்பர் பவுல் இறுதியாட்டத்தின் இடையில் காட்டப்பட்டபின் நாடறிந்த படமாயிற்று.

இதில் நடித்த ஜோ கிரீன், பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் தடுப்பாட்டக்காரர். எதிரணியினர் அஞ்சும் முரட்டு ஆட்டம் அவருடையது. 'முரடன்' என்ற பொருளில் 'மீன்' என்ற அடைமொழியும் பெயரோடு ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரை வைத்தே கதை.

அடிபட்ட கிரீன், மைதானத்திலிருந்து உடைமாற்றும் அறைக்குச் செல்லும் நடைவழியில் நொண்டியபடி வருகிறார். ஜெர்சி தோளில் கிடக்கிறது. பின்னால் ஒரு சிறுவன், கையில் பெரிய கோக் பாட்டில். உதவி வேண்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறான். வேண்டாம் என்கிறார். நீங்கள்தான் எல்லோரையும்விடச் சிறந்த ஆட்டக்காரர் என்கிறான். அதையும் அவர் காதில் சரியாக வாங்கவில்லை. என் கோக் வேண்டுமா என்கிறான். முதலில் மறுக்கிறார். சிறுவன் விடவில்லை. பாட்டிலை வாங்கி, அண்ணாந்து ஒரே மூச்சில் காலி செய்கிறார். சிறுவன் முகம் தொங்கிப்போய்த் திரும்பி நடக்கிறான். அப்போதுதான் பின்னாலிருந்து குரல் வருகிறது. ஜெர்சி பறந்து வந்து அவன் கையில் விழுகிறது. கிரீன் சிரிக்கிறார்.

அவ்வளவுதான். கோக் அவர் காலைக் குணப்படுத்தவில்லை. ஆட்டத்தில் வெற்றி தேடித் தரவில்லை. ஒரு சிறுவனிடம் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை, இருந்ததைக் கொடுத்தான். தோற்ற முகத்தோடு வரும் பெரியவனிடம் சிறியவன் இரக்கம் காட்டுகிறான் என்பதே கதையின் உயிர். அந்தப் பாட்டிலில் மோரோ எலுமிச்சைச் சாறோ இருந்திருந்தாலும் கதை நிற்கும். விளம்பரத்துக்கு இது பலவீனம் என்று தோன்றலாம். ஆனால் கதை தன் காலில் நிற்பதால்தான் அதில் ஏறிவந்த பானமும் நினைவில் தங்கியது. அப்போதைய கோக-கோலாவின் விளம்பர வாசகம் ஒரு கோக்கையும் ஒரு புன்னகையையும் இணைத்துப் பேசியது. அந்தப் புன்னகையைக் கடைசி மூன்று நொடி வரை காட்டாமல் வைத்திருந்ததில் படத்தை எடுத்தவர்களின் பொறுமை தெரிகிறது.

கிரீன் கறுப்பினத்தவர், சிறுவன் வெள்ளையன். 1979-ன் அமெரிக்காவில் இது சாதாரணச் சேர்க்கை அல்ல. படம் அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. பேசாமல் விட்டதே நல்லது.

நியூயார்க் அருகே மவுண்ட் வெர்னன் நகர மைதானத்தில் மூன்று நாள் படப்பிடிப்பு நடந்தது. ஒவ்வொரு முறையும் பாட்டிலைக் குடித்து முடித்துவிட்டு வசனம் பேசவேண்டும். ஏப்பம் வந்து வசனத்தைக் கெடுக்கும். மறுபடியும் ஒரு பாட்டில். 16 அவுன்ஸ் பாட்டில்கள் 18 குடித்ததாகக் கிரீன் பின்னாளில் கூறியிருக்கிறார். கணக்குப் போட்டால் எட்டு லிட்டருக்கும் மேல். திரையில் தெரியும் அந்தத் தாகத்தின் விலை இது.

இதே கதை பிரேசிலில் கால்பந்து வீரர் ஜிகோவையும் அர்ஜென்டினாவில் மரடோனாவையும் வைத்து எடுக்கப்பட்டது. 1981-ல் இதை நீட்டி ஒரு தொலைக்காட்சித் திரைப்படமும் எடுத்தார்கள். 60 நொடியில் முடிந்த கதையை அவ்வளவு நேரம் இழுப்பது வீண்வேலை.

ஜாக்சன், மடோனா

1983-ல் பெப்சி மைக்கேல் ஜாக்சனையும் அவர் சகோதரர்களையும் 50 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. அந்நாளில் அது பெரும் தொகை. 'பில்லி ஜீன்' பாடலின் மெட்டுக்குப் பெப்சியைப் புகழும் வரிகள் எழுதப்பட்டன. ஜாக்சன் பெப்சி குடிப்பவர் அல்லர். படங்களிலும் அவர் குடிப்பதாகக் காட்சி இல்லை. பானத்தை விற்க வந்த நட்சத்திரம் பானத்தைத் தொடாமலே போனது விளம்பர வரலாற்றில் ஒரு விசித்திரம்.

இரண்டு படங்களில் ஒன்று தெருவில் நடக்கிறது. ஒரு சிறுவன் ஜாக்சனைப் போல உடுத்தி, அவரைப் போலவே ஆடிக்கொண்டு பின்னால் நகர்கிறான். திரும்பினால் முன்னால் நிற்பது ஜாக்சன். அந்தச் சிறுவனாக நடித்த அல்ஃபோன்சோ ரிபெய்ரோ பின்னர் தொலைக்காட்சித் தொடர்களில் புகழ்பெற்றார். கிரீன் படத்தைப் போலவே இங்கும் ஒரு குழந்தை நட்சத்திரத்தைச் சந்திக்கிறது. ஆனால் இந்தக் குழந்தை எதையும் கொடுப்பதில்லை, வியந்து பார்க்கிறது. அந்த அளவுக்குப் படம் ஒரு படி கீழே.

மற்றது மேடைக் கச்சேரி. 1984 ஜனவரி 27 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் ஷ்ரைன் அரங்கில் ரசிகர் கூட்டத்தின் முன் படமாக்கப்பட்டது. ஜாக்சன் ஆடிக்கொண்டே படியில் இறங்கி வரும்போது வாணவெடிகள் நேரம் தவறி முன்னதாகவே வெடித்தன. அவர் தலைமுடியில் தீப்பற்றியது. அதை உணராமல் சில நொடிகள் ஆடிக்கொண்டே இருந்தார். தலைத்தோல் கடுமையாக வெந்தது. இழப்பீடாகக் கிடைத்த 15 லட்சம் டாலரைத் தமக்குச் சிகிச்சை தந்த பிராட்மன் மருத்துவமனைக்கே தீக்காயப் பிரிவுக்காகக் கொடுத்தார்.

விளம்பரம் அடுத்த மாதமே, கிராமி விருது விழா ஒளிபரப்பில் வெளிவந்தது. அதில் தீ இல்லை, மகிழ்ச்சி மட்டும் இருந்தது. தீப்பற்றிய காட்சி 2009-ல் அவர் இறந்தபின்தான் வெளியே வந்தது. இன்று இரண்டையும் இணையத்தில் அடுத்தடுத்துப் பார்க்கும் மாணவர், முதலாவதை இனி விளம்பரமாக மட்டும் பார்க்க இயலாது. 1993 நவம்பரில், தலைத்தோல் அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து எடுத்த வலிநிவாரணிகளுக்குத் தாம் அடிமையாகிவிட்டதாக அறிவித்து ஜாக்சன் தம் உலக இசைப் பயணத்தை நிறுத்தினார். அந்தப் பயணத்துக்குப் புரவலராக இருந்ததும் பெப்சிதான்.

மடோனாவின் படம் (1989) கலைநயத்தில் மேலானது. தம் எட்டாம் பிறந்தநாளின் பழைய படச்சுருளைப் பார்த்துக்கொண்டிருக்கும் பாடகியும் அந்தச் சிறுமியும் இடம் மாறிக்கொள்கிறார்கள். இரண்டு நிமிடம் ஓடும் இப்படத்தில் பெப்சி ஓரமாகவே இருக்கிறது. 1989 மார்ச் 2 அன்று ஒளிபரப்பானது. அடுத்து அதே பாடலுக்கு மடோனா தனியாக வெளியிட்ட காணொளியில் எரியும் சிலுவைகள் இருந்ததால் கிறித்தவ அமைப்புகள் எதிர்த்தன. பெப்சி பயந்து தன் படத்தை விலக்கிக்கொண்டது. 50 லட்சம் டாலர் மடோனாவிடமே இருந்தது. நட்சத்திரத்தை வாடகைக்கு எடுத்தால் அவருடைய மற்ற வேலைகளும் கூடவே வீட்டுக்குள் வரும் என்பதை நிறுவனம் எண்ணிப்பார்க்கவில்லை.

மழையில் ஓடியவர்கள்

1987-ல் டயட் பெப்சிக்காக மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் நடித்த படம் இந்திய வாசகருக்குச் சட்டென்று பழகியதாகத் தோன்றும். அடுக்குமாடியில் குடியிருக்கும் இளைஞனின் கதவைப் புதிதாகக் குடிவந்த பெண் தட்டுகிறாள். டயட் பெப்சி இருக்குமா என்கிறாள். குளிர்பெட்டியில் இல்லை. இல்லை என்று சொல்ல மனமின்றி ஜன்னல் வழியே இறங்கி, கொட்டும் மழையில் வாங்கிவந்து, நனைந்த உடம்போடு நீட்டுகிறான். மறுபடியும் கதவு தட்டப்படுகிறது. அவளுடைய அறைத்தோழியும் கேட்கிறாள்.

இந்தியாவில் 1993-ல் பிரகலாத் கக்கர் இயக்கிய பெப்சி படம் இதே கதைதான். ஃபாக்ஸின் இடத்தில் ஆமிர் கான். பெப்சி கேட்டு வரும் பெண் மகிமா சவுத்ரி. கடைசியில் கதவில் சாய்ந்து நின்று இன்னொரு பெப்சி கேட்கும் 'சஞ்சு' ஐஸ்வர்யா ராய். உலக அழகிப் பட்டம் பெறுவதற்கு ஓராண்டு முன், சில நொடிகளே திரையில் தோன்றிய அவர் யார் என்று நாடே கேட்டது. அமெரிக்கப் படத்தில் வேடிக்கை இளைஞனின் அல்லாட்டத்தில் இருக்கிறது. இந்தியப் படத்தில் கடைசி முகம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டது. நகல் மூலத்தைவிட நினைவில் நிற்பது அரிது. இங்கே அது நடந்தது. இரண்டிலும் பானத்தின் வேலை ஒன்றே: கதவைத் தட்ட ஒரு சாக்கு.

1992-ல் ஜோ பிட்கா இயக்கத்தில் சிண்டி கிராஃபோர்ட் நடித்த படமும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. வெயில் காயும் சாலையோரக் கடைமுன் சிவப்புக் காரிலிருந்து இறங்கி, இயந்திரத்தில் காசு போட்டு ஒரு பெப்சி டின் எடுத்துக் குடிக்கிறார். வேலிக்கு அப்பால் இரண்டு சிறுவர்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள். கடைசியில் ஒருவன் வாய் திறந்து வியப்பது, டின்னின் புது வடிவமைப்பைப் பார்த்து! பெண்ணைக் காட்சிப்பொருளாக்கும் படம் என்ற குறை நியாயமானது. சிறுவர் கண்வழியே காட்டியது கூடுதல் நெருடல். தன் சூழ்ச்சியைத் தானே கேலி செய்துகொள்ளும் அந்த ஒரு வரி அதைக் கொஞ்சம் காப்பாற்றுகிறது, முழுதாக அல்ல.

பூனை என்னும் சாட்சி

நட்சத்திரம் காசுக்குப் பேசுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். பூனைக்குக் காசு கொடுக்க முடியாது. விளம்பரத்தில் பூனைக்கு மதிப்பு வந்தது இதனால்தான். நாய் எஜமானைப் பார்த்து எதையும் தின்னும். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும்.

அமெரிக்காவில் 'நைன் லைவ்ஸ்' பூனை உணவின் முகமாக இருந்த மோரிஸ் என்ற செம்மஞ்சள் பூனை 1968-ல் இல்லினாய்ஸ் மாநில விலங்குக் காப்பகம் ஒன்றிலிருந்து பயிற்சியாளர் பாப் மார்ட்விக்கால் கண்டெடுக்கப்பட்டது. ஜான் எர்வின் என்ற நடிகர் அதற்குக் குரல் கொடுத்தார். சலிப்பும் மிடுக்கும் கலந்த குரல். எதுவும் பிடிக்காத பூனை என்பதே அதன் பாத்திரம். எதையும் ஏற்காத சாட்சி ஒன்றை ஏற்றுக்கொண்டால் அந்தச் சாட்சியம் வலுவானது என்ற வழக்கறிஞர் தந்திரம் இது.

பிரிட்டனில் விஸ்காஸ் நிறுவனம் பத்தில் எட்டுப் பூனைகள் தன் உணவையே விரும்புவதாகக் கூறிவந்தது. புகார் எழுந்தபின் வாசகம் மாறியது: விருப்பம் தெரிவித்த உரிமையாளர்களில் பத்தில் எட்டுப் பேர் தங்கள் பூனைகள் இதை விரும்புவதாகச் சொன்னார்கள். சாட்சி பூனை அல்ல, பூனையின் சார்பில் பேசிய மனிதர் என்ற உண்மை அப்போதுதான் வெளிவந்தது. பழைய வாசகம் 2005-ல் தொடங்கிய ஒரு தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் பெயராகவும் ஆனது.

'மியாவ் மிக்ஸ்' விளம்பரத்தில் பூனை பாடுகிறது. படப்பிடிப்பில் உணவு தொண்டையில் சிக்கி வாயைத் திறந்து மூடிய பூனையின் சில நொடிப் படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டியபோது அது பாடுவதுபோல் தெரிந்தது, அதற்கு மெட்டமைத்தார்கள். இது அந்தப் படத்தோடு தொடர்புடையவர்களே சொன்ன கதை. பாட்டாகக் கேட்டது பூனைக்குப் பட்ட அவதி.

நட்சத்திரமும் பூனையும் குளிர்பானமும் ஒன்றுகூடிய படம் 2014 அக்டோபரில் வந்தது. டயட் கோக் விளம்பரத்தில் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தம் பூனைக்குட்டியோடு இருக்கிறார். டயட் கோக்கை ஒரு மிடறு குடிக்கிறார். இன்னொரு குட்டி தோன்றுகிறது. அடுத்த மிடறு, அடுத்த குட்டி. வீடு முழுவதும் குட்டிகள். வாழ்க்கை டயட் கோக்கைப் போலச் சுவையாக இருந்தால் எப்படி இருக்கும் என்ற கேள்வியோடு முடிகிறது. பின்னணியில் ஒலிப்பது அந்த மாதக் கடைசியில் வெளிவந்த அவருடைய '1989' தொகுப்பின் பாட்டு. குட்டிகளில் ஒன்று அவர் வளர்க்கும் ஒலிவியா.

இப்படத்தைப் பலர் வெறும் குறும்பு என்று தள்ளிவிடுவார்கள். அது சரியல்ல. மோரிஸ் உணவைச் சோதித்துத் தீர்ப்புச் சொன்னது. ஒலிவியா கோலாவை முகர்ந்தும் பார்க்கவில்லை. பூனைகள் மீது பிரியம் கொண்டவர் என்பது ஸ்விஃப்டின் பொதுவாழ்வு உருவத்தில் ஒரு பகுதி. அந்தப் பிரியத்தைத்தான் படம் கடன் வாங்குகிறது. சாட்சியாக இருந்த பூனை இங்கே நட்சத்திரத்தின் அணிகலன் ஆகிவிட்டது. பாட்டுக்கு விளம்பரம், பாடகிக்கு விளம்பரம், பானத்துக்கும் விளம்பரம் என்று மூன்று சரக்கை ஒரே வண்டியில் ஏற்றியிருக்கிறார்கள். என்றாலும் படம் கசப்பதில்லை. அதன் வாக்குறுதி பூனைக்குட்டி அளவுதான். குடித்தால் குட்டி வரும் என்று யாரும் நம்பப்போவதில்லை.

டின்னின் தலையில் ஏற்றிய பாரம்

2004-ல் பஞ்சாபில் பிறந்த இயக்குநர் தர்சேம் சிங், பிரிட்னி ஸ்பியர்ஸ், பியான்சே, பிங்க் மூவரையும் ரோமானிய அரங்கில் வாள்வீராங்கனைகளாக்கிப் பெப்சிக்கு ஒரு படம் எடுத்தார். பகட்டு மிகுந்தது, கதை சொற்பம்.

2017 ஏப்ரலில் வந்த கெண்டல் ஜென்னர் படம் வேறு கதை. தெருவில் இளைஞர்களின் ஊர்வலம். எதற்கான போராட்டம் என்று பதாகைகளில் தெளிவில்லை. படப்பிடிப்பிலிருந்து எழுந்துவரும் ஜென்னர் கூட்டத்தில் சேர்ந்து, வரிசையாக நிற்கும் காவலர்களில் ஒருவரிடம் பெப்சி டின்னை நீட்டுகிறார். அவர் குடிக்கிறார். கூட்டம் ஆரவாரிக்கிறது. பிரச்சினை தீர்ந்தது.

அப்போது அமெரிக்காவில் காவலரின் துப்பாக்கிக்குக் கறுப்பினத்தவர் பலியானதை எதிர்த்துப் போராட்டங்கள் நடந்து ஓராண்டு கூட முழுதாக ஆகவில்லை. 2016 ஜூலையில் பேட்டன் ரூஜ் நகரில் கவசம் அணிந்த காவலர் முன் தனியாக நின்ற பெண்ணின் நிழற்படம் எல்லோர் நினைவிலும் இருந்தது. அந்தக் காட்சியின் சாயல் விளம்பரத்தில் அப்பட்டம். மார்ட்டின் லூதர் கிங்கின் மகள் பெர்னிஸ் கிங், தம் தந்தையைக் காவலர் தள்ளும் படத்தை வெளியிட்டு, பெப்சியின் சக்தி அப்பாவுக்குத் தெரியாமல் போயிற்றே என்னும் பொருளில் எழுதினார். படம் ஒரே நாளில் விலக்கப்பட்டது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது.

ஜென்னரின் நடிப்பைக் குறை சொன்னவர்கள் உண்டு. குறை அவரிடம் இல்லை. இதிலும் கிரீன் படத்தைப்போல ஒருவர் இன்னொருவருக்குப் பானம் நீட்டுகிறார். சிறுவன் நீட்டியது அவனுடைய கோக், தாகத்தோடு குடிக்க வைத்திருந்தது; கொடுத்ததால் அவனுக்கு இல்லாமல் போயிற்று. ஜென்னர் நீட்டியதால் அவருக்கு எந்த இழப்பும் இல்லை. உயிர்போன இடத்தில் அந்த டின்னைச் சமாதானக் கொடியாக்கப் பார்த்தார்கள்.

கேள்வி கேட்ட குழந்தை

இந்தியாவில் நட்சத்திரங்களிடம் இந்தக் கணக்கு வேறு விதமாகக் கேட்கப்பட்டது. 2003 ஆகஸ்டில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், 12 குளிர்பானங்களில் பூச்சிக்கொல்லி எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. நிறுவனங்கள் மறுத்தன. விளம்பரங்கள் நிற்கவில்லை. அதற்கு முன்பே, 2001-ல் ஆல் இங்கிலாந்து இறகுப்பந்துப் பட்டம் வென்ற கோபிசந்த் கோலா விளம்பர வாய்ப்பை மறுத்திருந்தார்.

தமிழ்த் திரையுலகில் இதற்குச் சுவையான உதாரணம் 'கத்தி'. ஸ்விஃப்டின் பூனைக்குட்டிகள் வந்த அதே 2014 அக்டோபரில் வெளியான இப்படத்தில், குளிர்பான ஆலைக்காக ஒரு கிராமத்தின் நிலத்தையும் நீரையும் பறிக்கும் நிறுவனத்தை விஜய்யின் பாத்திரம் எதிர்க்கிறது. சில ஆண்டுகளுக்கு முன்பு கோக-கோலா விளம்பரங்களில் நடித்தவரும் விஜய்தான். ரசிகர்களும் விமர்சகர்களும் அதைச் சுட்டிக்காட்டத் தவறவில்லை. விளம்பர நாயகனும் கதாநாயகனும் ஒரே முகத்தைப் பகிர்வதால் வரும் சங்கடம் இது. இரண்டில் எதை நம்புவது என்ற குழப்பம் பார்ப்பவருக்குத்தான்.

பெப்சி விளம்பரங்களில் பல காலம் நடித்தவர் அமிதாப் பச்சன். 2014 தொடக்கத்தில் அகமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகத்தில் பேசும்போது, அதை ஏன் விட்டார் என்று அவர் விளக்கினார். ஜெய்ப்பூரில் ஒரு பள்ளிச் சிறுமி அவரிடம் வந்தாளாம். எங்கள் ஆசிரியை விஷம் என்று சொல்வதை நீங்கள் ஏன் விளம்பரப்படுத்துகிறீர்கள் என்று கேட்டாளாம். அதன்பின் நிறுத்திவிட்டதாகச் சொன்னார். மவுண்ட் வெர்னன் சிறுவனும், லாஸ் ஏஞ்சலிஸ் தெருவில் ஆடியவனும், வேலிக்கு அப்பால் நின்ற இருவரும் எழுதிக் கொடுத்ததைப் பேசியவர்கள், செய்தவர்கள். ஜெய்ப்பூர்ச் சிறுமிக்கு யாரும் வசனம் எழுதித் தரவில்லை.